பட்டன் கத்தியும் கரும்பு வெட்டும் கத்தியும்

சேத்தியாத்தோப்பில் எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலையின் அரவைப் பருவம் தொடங்கிவிட்டால், சுற்று வட்டாரச் சாலைகளில் கத்தியோடு ஆட்கள் போவது சகஜமான காட்சி. வெட்டு உத்தரவு வந்த வயலுக்குக் கூட்டமாகக் கிளம்புவார்கள். ஆளுக்கொரு வெட்டுக்கத்தி, அலகைச் சுற்றிப் பழைய சாக்குத்துணி. அலகு பத்து அங்குலத்தைத் தாண்டியிருக்கும், அகலமும் இரண்டு அங்குலத்துக்குக் குறையாது. கரும்பைத் தரையோடு ஒட்ட ஒரே போடாகப் போட்டு, அடுத்த வீச்சில் கொழுந்தாடையைக் கழிக்க அந்த நீளமும் கனமும் வேண்டும். குறுக்குரோட்டில் பஸ் ஏறும்போது யாரும் அதைப் பார்த்துப் பதறுவதில்லை. அதே பஸ்ஸில் ஒரு பையன் சட்டைப்பையிலிருந்து விரல் நீளக் கத்தியை எடுத்துப் பிடியிலுள்ள பொத்தானை அழுத்தி அலகை நீட்டிக் காட்டினால், வண்டி நேராகக் காவல் நிலையத்துக்குத்தான் போகும்.

இந்த இரண்டில் எது சட்டப்படி ஆயுதம்? பட்டன் கத்தி வாங்கலாமா, வீட்டில் வைத்திருக்கலாமா, பையில் போட்டுக்கொண்டு சிதம்பரம் போய்வரலாமா? மக்களிடம் கேட்டால் "அதெல்லாம் தடை" என்பார்கள். வலைத்தளக் கடைகளில் தேடினால் வரிசையாக விற்பனைக்கு இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் சட்டம் சொல்வது என்ன என்பதைத் தமிழில் தெளிவாக எழுதிவைத்தவர்கள் குறைவு. விவரம் தெரியாமல் மாட்டிக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள் என்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். சாதாரண மடக்குக் கத்தியில் அலகை நகத்தால் நெம்பித் திறக்க வேண்டும். பட்டன் கத்தியின் பிடிக்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. அலகை மடக்கும்போதே அது முறுக்கேறி நிற்கும். ஒரு சிறு கொக்கி அலகைப் பிடித்து வைத்திருக்கும். பொத்தானை அழுத்தினால் கொக்கி விலகும், ஸ்பிரிங் அலகைத் தள்ளும், முழுதாக நீண்டதும் இன்னொரு பூட்டு விழுந்து அலகு ஆடாமல் நிற்கும். ஒரு கை போதும், கண் இமைக்கும் நேரம் போதும். சிலவற்றில் அலகு பக்கவாட்டில் சுழன்று வரும், சிலவற்றில் பிடியின் முனையிலிருந்து நேராகப் பாயும். வெட்டும் திறத்தில் சமையலறைக் கத்தியைவிட இது எந்த வகையிலும் மேலானதில்லை. பூட்டு தேய்ந்த மலிவுக் கத்தி முதலில் வெட்டுவது பெரும்பாலும் வைத்திருப்பவரின் விரலைத்தான்.

இனி சட்டம். நாடாளுமன்றம் 1959-இல் இயற்றிய ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தாக்கவோ தற்காக்கவோ ஆயுதமாக வடிவமைக்கப்பட்ட, அல்லது ஆயுதமாக மாற்றியமைக்கப்பட்ட எந்தப் பொருளும் ஆயுதம் என்கிறது அதன் 2-ஆம் பிரிவு. கூர்முனைக் கருவிகளும் அதில் அடங்கும். வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே செய்யப்பட்ட பொருள்களை அதே வாக்கியம் வெளியே நிறுத்திவிடுகிறது. கம்பும் கைத்தடியும் அங்கே எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்டுள்ளன.

சட்டத்தின் கீழ் வந்த விதிகள் (முதலில் 1962-இலும் பிறகு 2016-இலும்) ஆயுதங்களை வகை பிரிக்கின்றன. துப்பாக்கி அல்லாத ஆயுதங்களுக்கு ஐந்தாம் வகை. வாள், குத்துவாள், ஈட்டி, போர்க்கோடரி, கிர்பான், குக்ரி உள்ளிட்ட கத்திகள் என்று பெயர்கள் நீளும். அளவும் சொல்லப்பட்டிருக்கிறது: அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளம், அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம். அந்த அளவைத் தாண்டினாலும் வீடு, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காக வடிவமைத்தவை சேரா. பொத்தான், ஸ்பிரிங் என்ற பேச்சே அந்தப் பட்டியலில் கிடையாது. அலகு எப்படித் திறக்கிறது என்பதை மத்திய விதி கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை.

ஆகவே மூன்று கத்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கரும்பு வெட்டும் கத்தி அளவைத் தாண்டுகிறது, ஆனால் விவசாயக் கருவி என்பதால் விலக்கு பெறுகிறது. பிறந்தநாள் கேக் வெட்டிக் காட்டும் பட்டாக்கத்தி அளவைத் தாண்டுகிறது, அதைக் கொண்டு வயலிலோ அடுப்படியிலோ ஆகும் வேலை எதுவும் இல்லை, எனவே நேராக ஐந்தாம் வகையில் போய் விழுகிறது. மூன்றரை அங்குலப் பட்டன் கத்தியோ இரண்டு அளவுக்கும் உள்ளேயே நின்றுவிடுகிறது. ஊரே அஞ்சுவது மூன்றாவதைக் கண்டு, சட்டம் குறிவைத்திருப்பது இரண்டாவதை.

ஐந்தாம் வகையில் வந்தாலே குற்றமா என்றால், அதுவும் இல்லை. துப்பாக்கிக்கு நாடு முழுக்க உரிமம் வேண்டும் என்பது 3-ஆம் பிரிவு. மற்ற ஆயுதங்களுக்கு 4-ஆம் பிரிவு தனி வழி வைத்திருக்கிறது. ஒரு பகுதியின் நிலைமையைக் கருதி, இன்ன வகை ஆயுதத்தை உரிமம் இல்லாமல் வாங்கவோ வைத்திருக்கவோ எடுத்துச் செல்லவோ கூடாது என்று அரசிதழில் அறிவிக்கை வெளியிட வேண்டும். அறிவிக்கை வந்த இடத்தில் மீறினால் 25-ஆம் பிரிவின்படி சிறை. அறிவிக்கை நடப்பில் இல்லாத இடத்தில் அந்தப் பிரிவைக் கொண்டு, வெறுமனே வைத்திருந்ததற்காக ஒருவரைத் தண்டிக்க முடியாது. எனவே கத்தி வழக்கில் சிக்கிய எவருடைய வழக்கறிஞரும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: எந்த அறிவிக்கை, எந்தத் தேதி, எந்தப் பகுதிக்கு, எந்த அளவுக்கு?

பட்டன் கத்தியைப் பெயர் சொல்லிப் பிடித்த அறிவிக்கை டெல்லியில் இருக்கிறது. டெல்லி நிர்வாகம் 1980-இல் வெளியிட்டது அது. ஸ்பிரிங்கால் இயங்குபவை, பல்சக்கரப் பூட்டு கொண்ட 'கராரிதார்', பொத்தான் வைத்த 'பட்டன்தார்', வேறு எந்த இயந்திர ஏற்பாட்டாலும் திறந்து மூடும் கத்திகள் எல்லாம் அதில் அடக்கம். அலகு 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும், அல்லது அதற்கு மேலும் இருக்க வேண்டும். டெல்லிக் காவலர்கள் கத்தியைக் கைப்பற்றியதும் வெள்ளைத் தாளில் வைத்து ஓரங்களைப் பென்சிலால் வரைகிறார்கள். அலகு இத்தனை, பிடி இத்தனை, அகலம் இத்தனை என்று கோட்டோவியத்தின் மேலேயே எழுதி, கத்தியைத் துணியில் பொதிந்து அரக்கு முத்திரை வைக்கிறார்கள். அந்தத் தாள்தான் பின்னால் வழக்கின் உயிர்நாடி. சில மில்லிமீட்டர் வித்தியாசம் ஓர் ஆளின் தலையெழுத்தை மாற்றிவிடும்.

அந்த அறிவிக்கையிலும் ஒரு நுட்பம் ஒளிந்திருந்தது. பட்டன் கத்தி வைத்திருந்தார் என்று டெல்லியில் ஒருவர் மீது போட்ட வழக்கு அண்மையில் உச்ச நீதிமன்றம் வரை போய் ரத்தானது. அறிவிக்கை தடுப்பது தயாரிப்பதை, விற்பதை, விற்கவோ சோதிக்கவோ வைத்திருப்பதை. அந்த மனிதர் கத்தியை விற்பதற்காக வைத்திருந்தார் என்று குற்றப்பத்திரிகை சொல்லவே இல்லை. கத்தி அளவைத் தாண்டியிருந்தும் வழக்கு நிற்கவில்லை. இத்தனை ஆண்டுகளாக எத்தனை ஏழைகள் இதே குறையுள்ள குற்றப்பத்திரிகையோடு, எடுத்துச்சொல்ல ஆள் இல்லாமல், சிறையில் கிடந்திருப்பார்கள் என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

கத்தியின் பெயரைச் சொல்லித் தடைசெய்வது நம் மண்ணுக்குப் புதிதில்லை. பழைய சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில், மாப்பிள்ளைமார் கிளர்ச்சிகளை ஒடுக்க 1854-இல் ஒரு தனிச் சட்டமே வந்தது. அங்கே வழக்கத்திலிருந்த 'ஆயுதக் கத்தி'யை வைத்திருப்பதே அதன்படி குற்றம். மாவட்ட ஆட்சியர் கனோலி ஊர் ஊராகச் சென்று ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கத்திகளைத் திரட்டினார். 1855 செப்டம்பரில் அவருடைய கோழிக்கோட்டு இல்லத்திலேயே அவரை வெட்டிக் கொன்றார்கள். நிலத்தகராறும் குத்தகைக் கொடுமையும் அப்படியே இருக்க, கத்தியை மட்டும் எடுத்துச் சென்ற சட்டம் அது. கிளர்ச்சிகள் 1921 வரை ஓயவில்லை. பின்னர் வைஸ்ராய் லிட்டன் காலத்தில் 1878-இல் வந்த ஆயுதச் சட்டம் நாட்டையே நிராயுதபாணியாக்கியது. விடுதலைக்குப் பின் வந்த 1959 சட்டம் அந்த இறுக்கத்தைத் தளர்த்தி, வாளையும் கத்தியையும் பொதுவாக விட்டுவிட்டு, தேவைப்படும் இடத்தில் மட்டும் அறிவிக்கை போடும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அந்தச் சலுகையின் பின்னால் ஒரு நூற்றாண்டு அனுபவம் இருக்கிறது.

இந்தியாவில் பட்டன் கத்தி என்றாலே நினைவுக்கு வருவது உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர். நவாபுகள் காலத்துப் பட்டறைகளில் வளர்ந்த 'ராம்பூரி', இந்தித் திரைப்பட வில்லன்களின் கையில் ஏறி நாடு முழுக்கப் பெயர் வாங்கியது. பல்சக்கரம் ஒவ்வொரு பல்லாகக் கடந்து திறக்கும்போது எழும் ஓசைதான் அதன் அடையாளம். தடைகள் வந்து பட்டறைகள் நொடித்துப்போன பின், 2023-இல் ராம்பூரில் 20 அடி உயரத்துக்கு ஒரு கத்திச் சிலையை நாற்சந்தியில் நிறுத்தினார்கள். கொல்லனுக்குப் பிழைப்பு போனது, கத்திக்குச் சிலை வந்தது. பெருமையாகப் பேசப்பட்ட அந்தச் செய்தி எனக்கு வேதனையாகத்தான் இருந்தது.

வெளிநாடுகளிலும் இந்தக் கத்தியின் மீதான அச்சம் திரைப்படமும் பத்திரிகையும் ஊட்டி வளர்த்தது. 1950-களில் அமெரிக்க விடலைப் பையன்களின் கும்பல் சண்டைகளைப் பற்றிய செய்திகளில் எல்லாம் இத்தாலியப் பட்டன் கத்தி மின்னியது. 1958-இல் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் மாநிலம் விட்டு மாநிலம் அதை விற்பதைத் தடுத்தது. அடுத்த ஆண்டே பிரிட்டன் தயாரிப்பையும் விற்பனையையும் தடைசெய்தது. 2021 ஜூலையிலிருந்து அங்கே வீட்டுக்குள் வைத்திருப்பதும் குற்றம். அமெரிக்காவிலோ காற்று எதிர்ப்பக்கம் வீசுகிறது. பல மாநிலங்கள் தடையை நீக்கிவிட்டன. 2024 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றம், ஆயுதம் தாங்கும் உரிமைக்கு முரணானது என்று தன் மாநிலத் தடையையே செல்லாததாக்கியது.

1958-இன் அமெரிக்கச் சட்டத்தில் ஒரு சிறு விலக்கு உண்டு. ஒரு கை மட்டுமே உள்ளவர் மூன்று அங்குல அலகு வரை பட்டன் கத்தி வைத்திருக்கலாம். டெல்லி அறிவிக்கையின் 7.62 சென்டிமீட்டரும் அதே மூன்று அங்குலம்தான். பிரிட்டனில் பூட்டில்லாத மடக்குக் கத்தியைப் பொது இடத்தில் காரணமின்றியே எடுத்துச் செல்ல அனுமதிக்கும் வரம்பும் மூன்று அங்குலம். மூன்று தனித்தனிச் சட்டங்கள் ஒரே எண்ணில் வந்து நிற்பதை நம்மவர்கள் கவனிக்க வேண்டும். கடலூர்த் துறைமுகத்திலிருந்து போகும் மீனவர் ஒரு கையில் வலையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் சிக்கிய கயிற்றை அறுக்க வேண்டியிருக்கிறது. போலியோவில் கை சூம்பியவர்களும், விபத்தில் கை இழந்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். இவர்களுக்குப் பொத்தானில் திறக்கும் சிறு கத்தி அன்றாடத் தேவை. ஆகவே பொறியை மட்டும் பார்த்து முற்றிலும் தடைசெய்யக் கூடாது என்பதே என் முடிவு.

தமிழ்நாட்டின் நடைமுறைக்கு வருவோம். இங்கே கத்தியால் விழும் கொலைகளில் பட்டன் கத்தியின் பங்கைப் பேசுபவர் யாருமில்லை. அரிவாளும் பட்டாக்கத்தியும்தான் பேச்சு. 2021 செப்டம்பரில் அன்றைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபுவின் உத்தரவில் மாநிலம் முழுக்க 'ஆபரேஷன் டிஸ்ஆர்ம்' நடந்தது. சில நாள்களிலேயே மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆயுதங்கள் பிடிபட்டன, பெரும்பாலும் கத்திகள். அதையொட்டிப் பட்டறைக்காரர்களுக்கும் கத்தி வியாபாரிகளுக்கும் அறிவுறுத்தல் போனது: வாங்குபவரின் பெயர், முகவரி, கைப்பேசி எண், எதற்காக வாங்குகிறார் என்பதைப் பதிவேட்டில் எழுத வேண்டும், முன்பின் தெரியாதவர்களுக்கு விற்கக் கூடாது, கண்காணிப்புக் கேமரா வைக்க வேண்டும்.

நோக்கம் நல்லதுதான். ஆனால் சாலையோரப் பட்டறை ஒன்றை நினைத்துப் பாருங்கள். லாரியின் பழைய பட்டை ஸ்பிரிங்கை வாங்கி, துண்டுபோட்டு, உலையில் சிவக்கக் காய்ச்சி, ஒருவர் இடுக்கியில் பிடிக்க இன்னொருவர் சம்மட்டியால் அடித்து, கூர் ஏற்றித் தண்ணீரில் தோய்த்து எடுக்கிறார்கள். ஒரு கத்திக்கு மிஞ்சுவது சில நூறு ரூபாய். அந்த வருமானத்தில் கேமராவும் பதிவேடும் வைக்கச் சொல்கிறோம். அதே நேரத்தில் கைப்பேசியில் பட்டன் கத்தி கேட்பவருக்கு வீட்டு வாசலிலேயே பொட்டலம் வந்து சேருகிறது. எதற்காக வாங்குகிறாய் என்று கேட்க அங்கே ஆளில்லை. சட்டம் விலக்கு கொடுத்த விவசாயக் கருவியைச் செய்பவரிடம் பதிவேடு கேட்கிறார்கள், வேலைக்கென்று செய்யப்படாத கத்தியை அனுப்புபவரிடம் ஒன்றும் கேட்பதில்லை. எனக்குப் பெரிய குறையாகப் படுவது இதுதான்.

கத்தியைக் கட்டுப்படுத்துவதற்கும் ஓர் எல்லை உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவரையும் அவருடைய தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. குழு ஆராய்ந்தது பள்ளிகளுக்குள் புகுந்த சாதியை. அந்த அரிவாள் எந்த வீட்டிலும் கூரையில் செருகியிருக்கும் சாதாரண அரிவாள். எந்த அறிவிக்கையாலும் அதை ஊரிலிருந்து அகற்றிவிட முடியாது.

அப்படியென்றால் ஆயுதச் சட்டத்துக்கு வெளியே காவல்துறைக்கு வழியே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, தாராளமாகவே இருக்கிறது. கத்தியைக் காட்டி மிரட்டினால் மிரட்டல் குற்றம், வெட்டினால் பயங்கர ஆயுதத்தால் காயப்படுத்திய குற்றம், கூட்டமாகக் கையில் பிடித்துக் கலவரம் செய்தால் அதற்குத் தனிப் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் இவையெல்லாம் பாரதிய நியாய சன்ஹிதாவில் இருக்கின்றன. பதற்றமான நேரத்தில் நிர்வாக நடுவர் தடையுத்தரவு போடலாம். பழைய 144 என்று நாம் அறிந்தது இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163. நன்னடத்தைப் பிணை கேட்கலாம். திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவர் மீது 1982-ஆம் ஆண்டு குண்டர் தடுப்புச் சட்டம் பாயும். 2018 பிப்ரவரியில் சென்னைப் புறநகர் மலையம்பாக்கத்தில் அரிவாளால் கேக் வெட்டிய பிறந்தநாள் கூட்டத்தில் எழுபதுக்கும் மேற்பட்டோர் ஒரே இரவில் பிடிபட்டார்கள். அதன் பிறகும் கத்தியோடு ரீல்ஸ் போட்டுக் கைதாகும் இளைஞர்களின் செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது. அவர்களில் பலருக்குத் தாங்கள் செய்தது எந்தப் பிரிவில் குற்றம் என்பதே காவல் நிலையத்தில்தான் தெரியவருகிறது.

நம் பக்கத்து ஆட்களுக்கு முக்கியமான இன்னொரு விஷயம் உண்டு. லால்பேட்டை, பரங்கிப்பேட்டை, காட்டுமன்னார்கோயில் வட்டாரங்களிலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்வருபவர்கள் ஏராளம். திரும்பும்போது நண்பருக்குப் பரிசாக ஒரு பட்டன் கத்தி வாங்கிவரத் தோன்றும். ஆயுதச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, சொந்த உபயோகத்துக்கான விலக்கு போன்ற சிலவற்றைத் தவிர, உரிமம் இல்லாமல் எந்த ஆயுதத்தையும் கடல், தரை, வான் எந்த வழியிலும் நாட்டுக்குள் கொண்டுவரவோ வெளியே கொண்டுபோகவோ கூடாது என்கிறது. அங்கே ஐந்தாம் வகை அளவைப் பற்றிய பேச்சு இல்லை. ஆயுதமாக வடிவமைக்கப்பட்டதா என்ற கேள்விதான் முன்னால் நிற்கும். சுங்க அதிகாரி ஆம் என்று கொண்டால் பயணிக்குச் சிக்கல்தான். விமானத்தின் கைப்பையிலோ எந்தக் கத்தியும் கூடாது. வீட்டு மேஜையில் கிடந்தால் பிரச்சினை இல்லாத அதே கத்தி, திருச்சி விமான நிலையத்தில் வழக்காகலாம். வாங்காமல் வருவதே நல்லது.

அரசு செய்ய வேண்டியது கடினமான வேலை இல்லை. தமிழில், ஒரே பக்கத்தில், ஓர் அரசாணை போதும். மூன்று அங்குலத்துக்கு உட்பட்ட கத்தி எப்படித் திறந்தாலும் தடையில்லை என்று அது சொல்லட்டும். அதற்கு மேற்பட்ட பட்டன் கத்தியையும், வேலைக்கு உதவாத பட்டாக்கத்தியையும் செய்பவரிடமும் விற்பவரிடமும் கட்டுப்பாடு இருக்கட்டும். வலைத்தள வியாபாரியும் பட்டறைக்காரரும் ஒரே பதிவேட்டு விதிக்குக் கட்டுப்படட்டும், பட்டறைக்கான பதிவேட்டையும் கேமராவையும் அரசே வாங்கிக்கொடுக்கட்டும். கரும்பு வெட்டு, பண்ருட்டிப் பலா, மீன், இறைச்சி என்று தொழில்களின் பெயரைச் சொல்லி, அந்தக் கத்திகளை அலகு மூடி எடுத்துச் சென்றால் தொந்தரவு செய்யக் கூடாது என்றும் எழுதட்டும். கத்தியைக் கைப்பற்றும் காவலர், டெல்லியில் செய்வதுபோல், அளந்து வரைந்த தாளின் நகல் ஒன்றை அந்த இடத்திலேயே உரியவர் கையில் கொடுக்கட்டும். அடுத்த அரவைப் பருவத்துக்குள் அந்த ஆணையின் நகல் சேத்தியாத்தோப்பு ஆலையின் கரும்பு அலுவலகத்திலும், குறுக்குரோட்டுப் பஸ் நிறுத்தத்திலும், ஒவ்வொரு பட்டறையின் சுவரிலும் ஒட்டப்பட வேண்டும்.